ஒரு பேப்பர் பாக்கி

பேட்டை மெயின் ரோட்டில் யாருக்காவது ஒரு விண்ணப்பத்தின் கடைசித் தேதி தெரிய வேண்டுமென்றால் காலண்டரைப் பார்க்க மாட்டார்கள், கலைச்செல்வியைக் கேட்பார்கள். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, பட்டா மாற்ற, பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கேட்க, எதுவானாலும் அவளுடைய கம்ப்யூட்டர் சென்டர்தான். கடைசி நாள் மத்தியானம் வேர்த்து விறுவிறுக்க ஓடி வருகிறவர்களை அவள் சும்மா விடமாட்டாள். “ஒரு மாசமா எங்கன போயிருந்தீய? தேர் இழுக்கவா?” என்று நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் ஒருவருக்கும் பிரிண்ட் கிடைக்காது. ஏழு வருஷத்தில் அவள் கையில் ஒரு விண்ணப்பமும் தேதி தவறியதில்லை.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கூழ்ப்பானைக்குள் துள்ளி விழுந்த கதைதான் இது. ஆனால் இந்தப் பல்லி பானைக்குள்ளேயே கிடந்து சாகிற ரகம் இல்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது, படிக்கிறவர்கள் வீணாக வருத்தப்பட வேண்டாம்.

அந்த ஆடி மாதம் பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பு விட்டது. பட்டப்படிப்பில் பாடம் பாக்கி வைத்திருப்பவர்கள், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி, ஒரே ஒரு தடவை எழுதிக்கொள்ளலாம். இதற்குமேல் வாய்ப்புக் கிடையாது. இன்ன வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இணையத்தில் கதவை அடைத்துவிடுவார்கள். மூன்று வாரத்தில் கலைச்செல்வி இருபத்தைந்து பேருக்கு இந்த விண்ணப்பத்தை அனுப்பிக் கொடுத்தாள். அவளுடையது மட்டும் போகவில்லை.

அவளுக்குப் பாக்கி ஒரே ஒரு பேப்பர். புள்ளியியல். பதினாறு வருஷப் பாக்கி.

அது எப்படிப் பாக்கியானது என்று கேட்டால், கல்யாணப் பத்திரிகையில் இருந்து தொடங்க வேண்டும். நம் பக்கத்தில் மாப்பிள்ளை, பெண் பேருக்குப் பின்னால் படிப்பைப் போடாவிட்டால் பத்திரிகை மொட்டையாகத் தெரியும். தாய்மாமன் பேருக்குப் பின்னால்கூட ஏதாவது இரண்டெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். கலைச்செல்விக்குச் சம்பந்தம் பேசி முடித்தபோது அவள் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். அப்பா வைத்தியலிங்கம் அச்சாபீசில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். “எம் மவளாவது பெயிலாவதாவது. பி.எஸ்ஸின்னே போடுங்க” என்றார். மாமியார் ஆறுமுகத்தாய் வள்ளியூரில் வீடு வீடாகப் பத்திரிகை வைத்தபோது, முகூர்த்த நேரத்தைச் சொல்வதற்கு முன்னால் அந்த மூன்றெழுத்தைத்தான் விரலால் தொட்டுக் காட்டினாள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது முடிவு வந்தது. புள்ளியியலில் பெயில்.

கலைச்செல்வி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஐப்பசியில் எழுதி எடுத்துவிட்டால் தீர்ந்தது, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள். ஐப்பசியில் அவள் மாமியார் வீட்டுப் புது மருமகள். பரீட்சைக்குப் போகிறேன் என்றால் என்ன பரீட்சை என்று கேட்பார்கள். சித்திரையில் ஆறு மாதக் கர்ப்பம். அடுத்த ஐப்பசியில் கைப்பிள்ளை. அப்புறம் புருஷன் செந்தூர்பாண்டிக்குப் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை அமைந்து இங்கே குடி வந்தார்கள். அவள் சென்டர் தொடங்கிய அன்று அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு போர்டைக் கொண்டுவந்து வாசலில் மாட்டினான். பட்டறையில் எவர்சில்வர் தகட்டை வெட்டி, ஒவ்வொரு எழுத்தாக ராவிப் பளபளப்பாக்கி ஒட்டியிருந்தான். ‘கலைச்செல்வி, பி.எஸ்ஸி.’ பத்தாவதோடு நின்றவன் அவன். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எந்தப் பெண்சாதிக்கு வாய் வரும்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். தாராளமாக மறைக்கலாம். மேலே மேலே சோற்றைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மகள் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் ‘தாயின் கல்வித் தகுதி’ என்ற கட்டத்தில் பி.எஸ்ஸி என்று தட்டியது கலைச்செல்வியின் சொந்த விரல்கள்தான்.

இப்போது இந்த மூன்று வாரமாக அவள் செய்ததைக் கேளுங்கள். தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் காரியமாகத் தன் பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் தட்டித் தன் விண்ணப்பத்தைத் திறப்பாள். பேர் வரும், பாடம் வரும், பக்கத்தில் ‘நிலுவை’ என்று வரும். கீழே ‘அடுத்து’ என்று ஒரு பச்சைப் பொத்தான். அதை அமுக்கினால் ஆதாரோடு சேர்ந்த செல்போனுக்கு ஆறு இலக்கம் போகும். அவளுடைய ஆதாரில் இருந்தது செந்தூர்பாண்டியின் நம்பர். “சொந்த நம்பரைச் சேருங்கன்னு எத்தனை தடவை சொல்லுதது?” என்று ஊர்ப் பெண்களை எல்லாம் ஏசுகிறவள், தன் நம்பரை மாற்றிக்கொள்வதையும் ஆறப் போட்டிருந்தாள்.

பச்சைப் பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டிருக்கும்போதே பிரிண்டரில் தூசி இருப்பது கண்ணில் படும். துடைப்பாள். லேமினேஷன் தாள்களை அளவுவாரியாக அடுக்குவாள். போன வருஷத்து ரசீதுக் கட்டுகளைப் பிரித்துத் திரும்பக் கட்டுவாள். மூன்று நிமிஷ வேலையைச் செய்யாமல் இருப்பதற்காக மூன்று மணி நேர வேலை செய்தாள். இதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் அவர்களுக்குச் சோம்பலைப் பற்றித் தெரியாது. சோம்பேறி நிம்மதியாக உட்கார்ந்திருப்பான். இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

‘நாளைக்குத் தெளிவா உக்காந்து பார்ப்போம்’ என்று பக்கத்தை மூடும்போது மட்டும் உடம்பெல்லாம் லேசாகும். சொறி பிடித்த இடத்தைச் சொறிகிற சுகம் அது. அந்த அரை நிமிஷ சுகத்துக்காகத்தான் மனுஷர்கள் வருஷக் கணக்கில் காரியங்களைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பது என் கட்சி. காரியம் அப்படியே இருக்கும், புண்தான் பெரிதாகும்.

வெள்ளிக்கிழமையும் வந்தது.

மூன்றரை மணிக்கு மின்வாரிய வயர்மேன் பெருமாள்ராஜ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். நாற்பத்திரண்டு வயது ஆள். அவர் சத்தம் போட்டால் எதிர்க்கடைக்குக் கேட்கும்.

“தங்கச்சி, எனக்கும் அந்த அரியர் பாரத்தைப் போட்டு விடும்மா. நாலு பேப்பர் பாக்கி. எல்லாம் இங்கிலீசு.”

ஆதார் பிரிண்டுக்காக ஓரத்தில் நின்றிருந்த பக்கத்துத் தெரு மும்தாஜ் பேகம் சிரித்துவிட்டாள். “நாலா? இவ்வளவு சத்தமாச் சொல்லுதீய, வெக்கமா இல்லையா அண்ணாச்சி?”

“பெயிலான மொத வாரம் இருந்துச்சும்மா. பெறவு கம்பத்துல ஏறுத வேலைக்கு வந்துட்டேன். மேல நிக்கவனை ஊரே அண்ணாந்து பாக்கும். அதுல வெக்கம் எல்லாம் கழண்டு போச்சு.”

கலைச்செல்வியும் சிரித்துக்கொண்டே விசைப்பலகையைத் தட்டினாள். வாடிக்கையாளர் சரிபார்ப்பதற்காக இன்னொரு திரையை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். பெருமாள்ராஜ் குனிந்து அதைப் பார்த்தார், கண்ணைச் சுருக்கினார்.

“தங்கச்சி, இது எம் பேரு இல்லையே. கலைச்செல்வி, தகப்பனார் வைத்தியலிங்கம்... புள்ளியியல், நிலுவைன்னுல்லா போட்டிருக்கு.”

பதிவு எண் எழுதிப் பெருமாள்ராஜ் கொடுத்த சீட்டு அவள் இடது கையில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. மூன்று வாரம் தினமும் தட்டித் தட்டிப் பழகின விரல்கள், இந்தப் பக்கம் திறந்த உடனே அவளுடைய எண்ணையும் அவளுடைய பிறந்த தேதியையும் தாமாகவே தட்டிவிட்டன.

கலைச்செல்விக்குக் காது இரண்டும் சூடேறியது.

“சர்வர்ல கோளாறு அண்ணாச்சி,” என்றாள். “கடைசி நாள்லா. ஒண்ணுக்கொண்ணு மாத்திக் காட்டுது.”

“அதானே பார்த்தேன். நீ ஒரே மூச்சுல டிகிரி முடிச்ச பிள்ளை. உன் பேரு இதுல எப்படி வரும்?”

“கவர்மெண்டு மிஷினு அப்படித்தான் இருக்கும்,” என்றாள் மும்தாஜ் பேகம்.

இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள். துருவிக் கேட்டிருந்தாலாவது அவள் வீம்புக்கு நின்றிருப்பாள். கண்ணால் பார்த்ததைவிட அவள் சொன்னதை நம்பினார்கள். அதுதான் அவளைச் சுட்டது. பெருமாள்ராஜின் விண்ணப்பத்தை அனுப்பி, பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுக்கும்வரை அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாலு மணி பத்து நிமிஷத்துக்குக் கடை காலியானது. அவள் தண்ணீர் குடித்தாள். பிரிண்டரைத் துடைக்கத் துணியை எடுத்தாள், அப்படியே கீழே வைத்தாள்.

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் தன்னையே ஒரு கேள்வி கேட்டாள். வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே அதட்டலோடு கேட்டாள். எதுக்கு இந்தப் பயம்? கணக்குக்கா? கணக்குக்கு இல்லை. கணக்கை அவள் தொட்டுப் பார்த்தால்தானே அது பயமுறுத்தும். பரீட்சைக்கா? இல்லை. ஊருக்கா? ஊர் ஒரு வாரம் பேசும், அப்புறம் வேறு வீட்டுக் கதை கிடைக்கும். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனதில் கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் இத்தனை பாடு.

வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “நான் பெயிலாயிட்டேன்,” என்று பிரிண்டரிடம் சொன்னாள்.

வெளியே டவுன் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது. இன்னொரு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை வாய்க்கு அவ்வளவு கசக்கவில்லை.

நாலு முப்பத்தைந்துக்குப் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டுப் புருஷனுக்குப் போன் போட்டாள். பின்னால் லேத் ஓடுகிற சத்தம்.

“என்னங்க, உங்க போனுக்கு ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும். அதைச் சொல்லுங்க.”

“இரு... ம், வந்திருக்கு. ஏட்டி, இது என்ன, நிலுவைத் தேர்வு விண்ணப்பம்னு போட்டிருக்கு? யாருக்கு?”

‘ஒரு கஸ்டமருக்கு’ என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவன் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டான். இருபத்தாறு பேருக்குப் போட்டவளுக்கு இன்னொரு கஸ்டமர் கிடைக்காமலா போவான்?

“எனக்குத்தான்,” என்றாள்.

“ஒனக்கு எதுக்கு?”

“நான் டிகிரி முடிக்கலை. ஒரு பேப்பர் பாக்கி. கல்யாணத்துக்கு நாலு நாளைக்கு முன்னால ரிசல்ட்டு வந்துச்சு. பெயிலாயிட்டேன். உங்ககிட்ட சொல்லலை.”

லேத் சத்தம் நின்றது. அவன் நிறுத்தியிருக்க வேண்டும். திரையில் வினாடிகள் குறைந்துகொண்டே வந்தன, ஐந்து நிமிஷத்துக்குள் போடாவிட்டால் அந்த இலக்கம் செல்லாது. கலைச்செல்வி அவனை அவசரப்படுத்தவில்லை. வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

“பதினாறு வருசமாவா?”

“ஆமா.”

அப்புறம் அவன் ஒரு கணக்குப் பிள்ளையைப் போல ஒவ்வொரு இலக்கமாக, இடைவெளி விட்டுச் சொன்னான். “நாலு. ஏழு. ஏழு. ரெண்டு. சைபர். ஒம்பது.” சொல்லிவிட்டு, “வீட்டுல வந்து பேசிக்கிடுதேன்,” என்று வைத்துவிட்டான்.

நாலு நாற்பத்து மூன்றுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. இருபத்தேழாவது.

வீட்டுக்கு வந்தவன் கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தான். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். திட்டியிருந்தால் கலைச்செல்விக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஊருக்குச் சொல்லலை, சரி. எங்கிட்டகூடவா?”

“உங்ககிட்ட சொல்லத்தான் பயம். ஊர்ல எவன் மூஞ்சி எப்படிப் போனா எனக்கென்ன? அந்த போர்டை மாட்டுன அன்னைக்கு நீங்க இருந்த இருப்பு... அது போயிரக் கூடாதுன்னு பார்த்தேன்.”

“ஒவ்வொரு எழுத்தையும் எப்படி ராவுனேன் தெரியுமாட்டி? கையெல்லாம் கிழிஞ்சுபோச்சு,” என்று சொல்லி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். கலைச்செல்வி அழுதாள். அவனைச் சமாதானப்படுத்த ஒரு வார்த்தையும் தேடவில்லை. அவனுக்குக் கோபப்பட உரிமை இருந்தது.

இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றுகொண்டு, திருப்புளியை வைத்து அந்தப் பட்டத்து எழுத்துகளைப் பெயர்க்கப் பார்த்தாள். அவன் அதைச் சற்று நேரம் வேடிக்கை பார்த்தான். “தள்ளு, தகடு வளைஞ்சிரும்,” என்று சொல்லித் தானே ஏறிக் கழற்றிக் கொடுத்தான். அதுதான் அவன் பேசிய முதல் பேச்சு.

போர்டில் வெறும் ‘கலைச்செல்வி’ மட்டும் நின்றதைப் பார்த்தவர்கள் கேட்டார்கள். அவள் சொன்னாள். முதல் ஆளிடம் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னாள். ஆறாவது ஆளிடம் சொல்லும்போது கூடவே ஸ்கேனும் எடுத்துக்கொண்டிருந்தாள். பெருமாள்ராஜ் தொடையைத் தட்டிச் சிரித்தார். “அப்போ சர்வர் சரியாத்தான் சொல்லியிருக்கு!” வள்ளியூரில் மாமியார் போனைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் ஒப்பாரி வைத்தாள். வைத்து முடித்ததும், “சரிட்டி, எம் பென்சனுக்கு என்னமோ புதுசாப் பதியணுமாமே, அதைப் பார்த்துச் சொல்லு,” என்றாள். விண்ணப்பத்துக்கு வருகிறவர்கள் கூட்டம் குறையவே இல்லை. யாருக்கும் வேண்டியது அவளுடைய பட்டம் இல்லை, அவர்களுடைய ரேஷன் கார்டு.

பரீட்சைக்கு ஐம்பது நாள் இருந்தது. விண்ணப்பம் போட்டதோடு பழைய வியாதி குணமாகிவிட்டது என்று நினைத்தால் தப்பு. புத்தகத்தைக் கையில் எடுத்த முதல் நாளே அடுக்களை அலமாரி குப்பையாகக் கிடப்பது அவள் கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் இப்போது அவளுக்கு ஆளை அடையாளம் தெரியும். ‘வந்துட்டியா? உக்காரு’ என்று அந்தப் பயத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரே ஒரு கணக்குப் போட்டாள். தப்பாக வந்தது. தப்பு என்று சிவப்பு மையால் எழுதிவிட்டு இட்லி ஊற்றப் போனாள். நன்றாகப் படிக்க வேண்டும் என்று அவள் உட்காரவில்லை, அதற்கு நேரம் பார்த்திருந்தால் கடைசிவரை உட்கார்ந்திருக்க மாட்டாள். காலையில் ஒரு கணக்கு, தப்போ சரியோ. இருபது நாள் ஆனபிறகு ஒன்று இரண்டானது, சில நாள் ஐந்தானது. இரண்டு நாள் ஒன்றுமே போடவில்லை. அதற்காகத் தன்னை ஏசிக்கொண்டு மூன்றாவது நாளையும் கெடுக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை செந்தூர்பாண்டி அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டான். உள்ளே பார்த்தால் அவள் விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பாதிப் பேர் நின்றார்கள். தலை நரைத்த ஒருத்தர் “மேடம், நீங்களுமா!” என்று ஓடி வந்து ஹால் டிக்கெட்டில் தன் போட்டோ மங்கலாக இருப்பதைப் புகாராகச் சொன்னார்.

கேள்வித்தாள் கைக்கு வந்தது. முதல் கேள்வி தெரியவில்லை. இரண்டாவதும் தெரியவில்லை. அந்தப் பழைய பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. தலை வலிக்கிறது என்று எழுந்து போய்விடலாம், ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். போனால் உடம்பெல்லாம் லேசாகும். அந்த லேசு எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அரை நிமிஷம் தாங்காது. அவள் தாளைத் திருப்பி நாலாவது கேள்வியில் தொடங்கினாள். அப்புறம் ஆறாவது. அப்புறம் மூன்றாவதில் பாதி. மணி அடித்தபோது மேற்பார்வையாளர் அவள் கையிலிருந்து விடைத்தாளை இழுத்து வாங்க வேண்டியிருந்தது.

வெளியே வந்தவளுக்கு மகிழ்ச்சியைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. மூன்று மணி நேரம்! சமைத்து முடிக்கிற நேரம். இதற்குப் பயந்தா பதினாறு வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தோம் என்று தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது. வேப்பமரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வாசலுக்கு வந்தாள்.

செந்தூர்பாண்டி பட்டறைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்தான்.

“எப்படி எழுதியிருக்கே?”

“மூணு சரி. ரெண்டு எனக்கே தெரியும், தப்பு. ஒண்ணு சந்தேகம். பாஸானாலும் ஆவேன்.”

அவன் பைக்கைக் கிளப்பாமல் சாவியைத் திருகிக்கொண்டே நின்றான். அவனுக்கும் ஒரு கேள்வியைக் கேட்பதற்குத் தைரியம் வேண்டியிருந்தது.

“ஆகலைன்னா? இதோட இனிமே எழுத விடமாட்டாம்லா. பெயிலாயிட்டா என்னட்டி செய்வே?”

“பெயிலாயிட்டேன்னு சொல்லுவேன்,” என்றாள் கலைச்செல்வி. “மொதல்ல உங்ககிட்ட. பெறவு வேற எங்கனயாவது சேர்ந்து மொத வருசத்துலேருந்து படிப்பேன். வண்டிய எடுங்க, கடையில ஆளு காத்துக் கெடக்கும்.”